மேலூரில் களை, கல்லுப்பட்டியில் கஞ்சி

குதிரைவாலி என்ற பெயரை மேலூர், சோழவந்தான் பக்கத்து நெல் விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார். பெரியாறு, வைகைத் தண்ணீர் பாயும் அந்த வயல்களில் அது களை. நெல்லோடு நெல்லாக நின்று உரத்தைத் தின்றுவிட்டு, நெல் முற்றுவதற்குள் தன் விதையைக் கொட்டிவிட்டுப் போகிற களை. அதே பெயரை டி.கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டி பக்கம் கரிசல் காட்டுக்காரரிடம் சொன்னால் அவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அங்கே அது புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து அறுக்கிற பயிர். கஞ்சி, சோறு, மாட்டுக்குத் தட்டை எல்லாம் அதில்தான்.

ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பெயர் ஒரு ஊரில் வசவு, இன்னொரு ஊரில் சாப்பாடு. உண்மையில் இரண்டும் ஒரே புல் அல்ல. நெருங்கிய பங்காளிகள். அந்தப் பங்காளிகளை எப்படிப் பிரித்து அடையாளம் காண்பது என்பதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். பல வருடம் விதைச் சான்று வேலையில் இருந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன விதைகளைப் பொறுக்கிப் பிரித்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஆசை உண்டு.

முதலில் உறவுமுறை. கரிசலில் விதைக்கிற நம்ம ஊர்க் குதிரைவாலிக்குத் தாவரவியல் பெயர் எக்கினோக்ளோவா ஃப்ருமென்டேசியா. இது எக்கினோக்ளோவா கொலோனா என்ற காட்டுப்புல்லிலிருந்து மனிதன் பழக்கி எடுத்த பயிர். அந்தக் காட்டுப்புல் இன்னமும் வரப்போரத்திலும் வாய்க்கால் கரையிலும், ஏன், குதிரைவாலிக் காட்டுக்குள்ளேயும் நிற்கிறது. நெல் வயலில் தொல்லை கொடுப்பதில் இதுவும் உண்டு, இதன் பங்காளியான எக்கினோக்ளோவா க்ரஸ்-காலியும் உண்டு. க்ரஸ்-காலி என்றால் லத்தீன் மொழியில் சேவலின் கால். வெள்ளைக்காரன் கண்ணுக்குச் சேவல் காலாகத் தெரிந்த கதிர் நம்மாள் கண்ணுக்குக் குதிரை வாலாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சேவல்கால் புல்லிலிருந்து ஜப்பான் பக்கத்தில் பழக்கி எடுத்த பயிர் வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு எஸ்குலென்டா என்று பெயர். ஆக, இரண்டு பயிர், அவற்றுக்கு இரண்டு காட்டு மூதாதையர். கதிரை மட்டும் கையில் கொடுத்தால் படித்தவர்களே தடுமாறுவார்கள்.

குரோமோசோம் எண்ணிப் பார்த்தாவது தெரியுமா என்றால் அதுவும் உதவாது. நான்கிலும் 54 தான். 1960களில் யாபுனோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி இவற்றை ஒன்றோடொன்று கலப்புச் செய்து பார்த்தார். நம்ம ஊர்ப் பயிரையும் ஜப்பான் பயிரையும் சேர்த்தால் பிறக்கிற செடி மலடு. ஆனால் ஒவ்வொரு பயிரும் தன் தன் காட்டு மூதாதையோடு சேர்ந்தால் விதை பிடிக்கிறது. பார்வைக்கு ஒன்று போல இருக்கிற இரண்டு பயிர்களும் வேறு வேறு குடும்பம் என்பது அப்படித்தான் உறுதியானது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. நம் காட்டில் நிற்கும் குதிரைவாலியும் வரப்பில் நிற்கும் காட்டுப்புல்லும் இன்னும் சம்பந்தம் வைத்துக்கொள்ள முடிந்த உறவுகள்தான். கலப்பு என்ற தலைவலியின் வேர் அங்கே இருக்கிறது.

நெல் வயலில் களை எடுக்கும் பெண்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நெற்பயிரில் இலை தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காதுகள் இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கும் கிடையாது, காதும் கிடையாது. புத்தகத்தில் இதைப் படம் போட்டு விளக்குவார்கள். அந்தப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல், பேசிக்கொண்டே, விரல் பட்டதும் பிடுங்கிப் போடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நெல்லைப் போலவே நிமிர்ந்து, நெல்லைப் போலவே பச்சையாக இருக்கிற களைச்செடி மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தப்பி விதை போடும். அடுத்த வருடம் அதன் பிள்ளைகள் முளைக்கும். அதிலும் நெல்லுக்கு ரொம்ப நெருக்கமானதே மறுபடி தப்பும். இப்படியே பல நூற்றாண்டு ஆனால் களை நெல்லின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறது. ரஷ்ய விஞ்ஞானி வாவிலோவின் பெயரால் இதை அழைக்கிறார்கள். விரட்ட விரட்ட அது கற்றுக்கொள்கிறது. களை எடுத்த கைகள்தான் அதற்கு வாத்தியார்.

நெல்லில் நாக்கை வைத்துப் பிரித்துவிடலாம். குதிரைவாலிக் காட்டில் அது நடக்காது. பயிருக்கும் நாக்கு இல்லை, களைக்கும் நாக்கு இல்லை. கதிர் வந்த பிறகு சுலபம். பயிரின் கதிர் தடித்து நெருக்கமாக இருக்கும், மணி கதிரிலேயே தங்கும். காட்டுப்புல்லின் கதிர் மெலிந்து இருக்கும், தொட்டால் மணி உதிரும். ஆனால் கதிர் வந்த பிறகு பிடுங்கி என்ன செய்ய? பாதி விதை அதற்குள் மண்ணில் விழுந்திருக்கும். நாற்றுப் பருவத்தில் பிரிக்கத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர்.

இரண்டு வருடத்துக்கு முன் என் தம்பி மகளோடு கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அவள் செடிகளின் டி.என்.ஏ. பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். பயிரும் காட்டுப்புல்லும் இளம் செடியாக வேண்டும் என்று கேட்டாள். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் விட்டேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஒரு கை நிறையப் பிடுங்கி வரப்பில் இரண்டு குவியலாகப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதாக ஒரு சின்னக் குவியல்.

"அப்பத்தா, இது என்ன?" என்றாள் இவள்.

"இது ரெண்டுங்கெட்டான்த்தா. பயிரு மாதிரி நிக்கும், ஆனா வீடு வந்து சேராது."

"எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"தூரப் பாரு. அது செவந்து கெடக்கு, தரையோட படரப் பாக்குது. இது வெளுத்து நிமிந்து நிக்குது. அந்தப் பக்கம் கெடக்கறது தூரு செவப்பு, ஆளு நிமிர்வு. இதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

என் தம்பி மகள் ஒவ்வொரு குவியலையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, தேதி, ஊர், அந்த மூதாட்டி சொன்ன பெயர் எல்லாவற்றையும் எழுதினாள். 'ரெண்டுங்கெட்டான்' என்பதையும் அப்படியே எழுதினாள். எனக்கு அது பிடித்திருந்தது.

வரும் வழியில் பேருந்தில் அவளிடம் டி.என்.ஏ. அடையாளம் என்றால் என்ன என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் தருகிறேன். இலையை அரைத்து, உப்பும் சோப்புப் போன்ற ஒரு மருந்தும் சேர்த்துச் சூடாக்கினால் செல் உடைந்து டி.என்.ஏ. வெளியே வருகிறது. அது முழுதும் நமக்குத் தேவை இல்லை. தேவையான ஒரு சின்னத் துண்டை மட்டும் லட்சக்கணக்கில் நகல் எடுக்க வேண்டும். அதற்குத்தான் பி.சி.ஆர். என்ற முறை. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். தான். 1983ல் கேரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் யோசித்த வழி. 1993ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எந்தத் துண்டை நகல் எடுப்பது? டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். நம்ம ஊர்ச் சுங்குடிப் புடவையின் புள்ளி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் பார்த்தால் இரண்டு புடவையும் ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் ஒன்றில் வரிசைக்குப் பன்னிரண்டு புள்ளி, இன்னொன்றில் பதினைந்து. அதுபோல ஒரு குறிப்பிட்ட இடத்தில் அந்த எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்பது இனத்துக்கு இனம், சில சமயம் ரகத்துக்கு ரகம் மாறும். புள்ளி கூடினால் துண்டின் நீளமும் கூடும். அந்த நீள வித்தியாசத்தைத்தான் அளக்கிறார்கள்.

அளப்பது எதில் தெரியுமா? அகரோஸ் என்ற களியில். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகரைச் சுத்தப்படுத்தினால் கிடைப்பது அது. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி பறித்து அகர் எடுப்பது நம் பக்கத்துத் தொழில், மதுரையிலேயே அதற்கு ஆலைகள் உண்டு. ஜிகர்தண்டாவில் சிலர் போடுகிற கடல்பாசிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. அந்தக் களிப் பலகையில் மின்சாரம் பாய்ச்சினால் சின்னத் துண்டு வேகமாக ஓடும், நீளத் துண்டு பின்தங்கும். கடைசியில் விளக்கில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். தாய் தந்தை இரண்டு பக்கத்துக் கோடும் ஒரே செடியில் தெரிந்தால் அது கலப்பு என்று சந்தேகிக்கலாம். குதிரைவாலியில் ஆறு தொகுதிக் குரோமோசோம் இருப்பதால் கோடுகள் அதிகமாக வந்து குழப்பும். அதனால் ஒரு இடத்தை நம்பாமல் பல இடங்களைப் பார்ப்பார்களாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பொதுவாக இரண்டு மரபணுத் துண்டுகளை அடையாள அட்டை மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று 2009ல் விஞ்ஞானிகள் பலர் கூடி முடிவு செய்தார்கள். ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்று அவற்றுக்குப் பெயர். இரண்டும் இலையின் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகத்தில் இருப்பவை. செடியின் குடும்பம் எது என்று கண்டுபிடிக்க நன்றாக உதவும். நெருங்கிய பங்காளிப் புற்களிடம் வந்தால் திணறும். காரணம், அந்தத் துண்டுகள் மிக மெதுவாக மாறுகின்றன. போதாததற்குப் புற்களில் பசுங்கணிகம் பொதுவாகத் தாய்வழியில் மட்டும் வரும். கலப்புச் செடியை அதை வைத்துக் கேட்டால் அம்மா பெயரை மட்டும் சொல்லும், அப்பா பெயரைச் சொல்லாது.

அம்மா பெயரைச் சொல்வதும் சில சமயம் பெரிய உதவிதான். கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய்வழி எது என்று 1980களில் பசுங்கணிக டி.என்.ஏ.வை வைத்துத்தான் சொன்னார்கள். எலூசின் இண்டிகா. நம் வாசலோரத்திலும் மைதானத்திலும் மிதிபட்டே வளர்கிற ஒரு சாதாரணப் புல் அது. தந்தை வழி இன்னும் உறுதியாகவில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வேலையில் இருந்த காலத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பேரையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்று மூட்டை குதிரைவாலியோடு ஒரு வியாபாரியிடம் போயிருந்தார். வியாபாரி கையில் ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, "காட்டுப்புல் கலந்திருக்கு" என்று சொல்லி விலையைக் குறைத்தார். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நான் அந்த விதையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சில மணிகள் சிறியவை. மழை குறைந்த வருடத்தில் பயிரின் மணியும் சிறுத்துத்தான் போகும். "சார், நீங்களே சொல்லுங்க, இது களையா?" என்று அவர் கேட்டார். கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல வழி இல்லை. வியாபாரி சொன்னதுதான் விலை. அவர் அந்த விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார். கண்ணுக்கு மேல் ஒரு சாட்சி இருந்திருந்தால் அவருக்குப் பேச வாய் இருந்திருக்கும்.

இப்போது நிலைமை இன்னும் சிக்கல். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் சிறுதானியம் தேடுகிறோம். கீழமாசி வீதியில் குதிரைவாலி அரிசி, சாமை அரிசி, வரகரிசி எல்லாம் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் இருக்கின்றன. உமி நீக்கித் தீட்டிய பிறகு குதிரைவாலியையும் சாமையையும் பிரித்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? மாவாக்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டால் யாராலும் முடியாது. டி.என்.ஏ. மாவிலும் இருக்கும். அதனால் மாவைக் கொண்டும் கண்டுபிடிக்கலாம்.

விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. 2001ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, தலைமுறையாகக் காத்து வந்த ரகத்தை விவசாயி தன் பெயரிலேயே பதிவு செய்யலாம். அது மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டது, ஒரே சீரானது, மாறாதது என்று காட்ட வேண்டும். செடியின் உயரம், கதிரின் வடிவம் போன்றவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். சந்தேகம் வரும் இடத்தில் டி.என்.ஏ. கை கொடுக்கும். நம் ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில் குதிரைவாலியில் தொடர்ந்து ஆராய்ச்சி நடக்கிறது. எம்.டி.யு. 1 என்ற ரகம் அங்கிருந்து வந்ததுதான். எம்.டி.யு. என்பது மதுரை. ஊர்ப் பெயரோடு ஒரு சிறுதானியம் இருப்பது நமக்குப் பெருமை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, என் தம்பி மகள் பேருந்தை விட்டு இறங்கும்போது சொன்ன ஒன்றை மறக்காமல் எழுத வேண்டும். "பெரியப்பா, மெஷின் எதுக்கும் பேரு வைக்காது. இந்தக் கோடு அந்தக் கோடு மாதிரி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். அந்தக் கோடு எந்தச் செடியோடதுன்னு முதல்ல ஒரு ஆளு சொல்லியிருக்கணும். அது தப்பா இருந்தா அத்தனையும் தப்பு."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது எவ்வளவு சரி. ஆய்வகத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் உலர்த்தி ஒட்டிய ஒரு செடி இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் சரியான பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொன்ன கண் ஒன்று இருந்திருக்க வேண்டும். 1921ல் கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியின் ரங்காச்சாரியார், தாடுலிங்க முதலியார் துணையோடு தென்னிந்தியப் புற்களைப் பற்றி ஒரு கைநூல் எழுதினார். பிறகு திருச்சியில் பாதிரியார் மேத்யூ ரபினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கி, காவிரிச் சமவெளியிலிருந்தும் மலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்து வைத்தார். இன்றைய டி.என்.ஏ. ஆராய்ச்சி அந்தக் காகிதங்களின் மேல்தான் நிற்கிறது. அந்தக் காகிதங்களோ, ஊர் ஊராகப் போனபோது பெயர் சொல்லி உதவிய ஆடு மேய்ப்பவர், களை எடுப்பவர் கண்களின் மேல் நிற்கின்றன.

அந்தக் கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. களைக்கொல்லி தெளித்தால் பயிரா களையா என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை. களை எடுக்க ஆள் கிடைப்பதும் இல்லை, கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'ரெண்டுங்கெட்டான்' என்று ஒரு குவியலைத் தனியே எடுத்து வைக்கிற விரல் அடுத்த தலைமுறைக்கு இருக்காது. அது போன பிறகு எந்தச் செடியைக் கொண்டு போய்ச் சோதிப்பது என்றே யாருக்கும் தெரியாமல் போகும்.

நம்மில் பலருக்கு இன்னும் கிராமத்தோடு தொடர்பு இருக்கிறது. ஒரு சின்ன வேலை சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பழைய தினசரித் தாள் நாலைந்து எடுத்துப் போங்கள். வயதானவர் யாராவது ஒரு புல்லுக்குப் பெயர் சொன்னால் அதை வேரோடும், முடிந்தால் கதிரோடும் பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டு, தாளுக்கு நடுவில் விரித்து வையுங்கள். மேலே கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். காய்ந்ததும் ஒரு சீட்டில் ஊர், தேதி, நிலம் கரிசலா செம்மண்ணா நஞ்சையா, ஊரார் சொன்ன பெயர், அதை வைத்து என்ன செய்வார்கள் என்பதை எழுதி உள்ளே வையுங்கள். நன்றாக உலர்ந்த இலையிலிருந்து வருடங்கள் கழித்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கல்லூரித் தாவரவியல் துறையில் கொடுங்கள்.

பெயரை மட்டும் நீங்கள் திருத்த வேண்டாம். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்.